ஆறு மேசை தூரம்

உட்கார்ந்துகொண்டே எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் நின்றே சம்பாதித்தவனுக்கு உட்காருவது ஒன்றுதான் ஓய்வூதியம். முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. டாக்டர் நடக்கச் சொல்கிறார். நான் நடந்த நடையெல்லாம் எந்தக் கணக்கில் போயிற்று என்று அவரிடம் கேட்கவேண்டும்.

ஓட்டல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பது இதைத்தான்: தட்டை எந்தப் பக்கமிருந்து வைப்பது, கோபமாக வரும் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பது, ஸ்டேக் எந்தப் பதத்தில் இறக்குவது. அதெல்லாம் ஒரு மாதத்தில் தானாக வந்துவிடும். வராவிட்டாலும் நாலு பேர் திட்டி வரவைப்பார்கள். நான் சொல்லப்போவது திட்டி வரவைக்க முடியாத ஒன்று. ஐந்து நிமிட விஷயம். அதைச் சுமந்துகொண்டு அலைந்ததில்தான் எனக்குப் பாதி அலுப்பு.

என்னைத் தெரியாதவர்களுக்கு: ஊர் கல்லாவி. வீட்டில் விவசாயம். எனக்கு மண்ணோடு ஒத்துவராமல் ஓசூர் வந்து, ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பல வருடம் சூப்பர்வைசராக இருந்தேன். கேன்டீனில் ஒரே ஒரு சட்டம். எது நடந்தாலும் முதலில் மேலே சொல். சாம்பாரில் பூச்சி கிடந்தால்கூட முதலில் ஹெச்.ஆருக்குச் சொல்லிவிட்டுத்தான் கரண்டியை வெளியே எடுக்கவேண்டும். நான் அதை நன்றாகக் கற்றுக்கொண்டேன். அங்கே நல்ல பேர் வாங்கியதே அதனால்தான்.

பிறகுதான் பைபாஸ் ரோட்டோரம் இருந்த ஒரு ஸ்டேக் உணவகத்தில், அதாவது மாட்டுக்கறித் துண்டை வாட்டித் தரும் கடையில், மேனேஜராகச் சேர்ந்தேன். வாசலில் பெரிய எழுத்தில் ஹலால் என்று பலகை. முதலாளி சென்னைக்காரர், மாதத்துக்கு ஒருமுறை வருவார். எல்லை தாண்டி பெங்களூரு பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். நம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள் நல்ல நாள் பார்த்து வருவார்கள். நான் மாட்டுக்கறி சாப்பிடாதவன். அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு துண்டு ஸ்டேக் தின்றதில்லை. என் சொந்தக்காரர்கள் இன்றுவரை அதை நம்பவில்லை.

அங்கே கிரில் மாஸ்டராக இருந்தவர் கிருஷ்ணகிரி பழையபேட்டைக்காரர். என்னைவிட இரண்டு வயது சின்னவர், என்னைவிட இருபது வருடம் நிதானமானவர். ரமலான் மாதத்தில் அவரும் நோன்பு. பகல் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் அந்த அனலில் நிற்பார். நோன்பு நேரத்தில் சமைத்ததை வாயில் வைத்து ருசி பார்க்கமாட்டார். அதனால் சாயங்காலம் ஐந்து மணிக்குக் காளான் சாஸையும் நோன்புக் கஞ்சியையும் ஒரு கரண்டி எடுத்து என்னிடம் நீட்டுவார்.

"மேனேஜரே, உப்பு பாருங்க."

நான் பார்த்துச் சொல்வேன். கொஞ்சம் போடலாம் என்றால் போடுவார், சரி என்றால் மூடிவைப்பார். ஒரு முறைகூட "நெசமாவா?" என்று கேட்டதில்லை. முப்பது நாளும் அந்தச் சமையலறை என் நாக்கை நம்பித்தான் நடந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

நாக்கைப் போலவே மணியும் என் பொறுப்பு. கடை பைபாஸில் இருந்ததால் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு காதில் விழாது. லாரிச் சத்தம், புகை உறிஞ்சும் மெஷினின் சத்தம். அதுவும் போக, வெயிலுக்காகக் கண்ணாடி முழுக்கக் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தார்கள். மத்தியானம் மூன்று மணிக்கே உள்ளே பார்த்தால் பொழுது சாய்ந்த மாதிரி இருக்கும். அதனால் நோன்பு திறக்கும் நேரம் வந்ததும், தட்டு எடுக்கக் கூப்பிடும் பித்தளை மணியை நான் மூன்று தரம் அடிப்பேன். ஹாலில் இருப்பவர்கள் பேரீச்சம்பழத்தை எடுப்பார்கள். உள்ளே மாஸ்டர் தண்ணீர் குடித்துவிட்டு ஸ்டேக்குகளைக் கிரில்லில் போடுவார். எல்லாரும் கஞ்சி குடித்து, பின்னறையில் அந்தித் தொழுகையான மஃரிப் தொழுது திரும்பும்போது தட்டு சூடாக மேசையில் இருக்கும். நேரம் பார்க்க, பக்கத்துப் பள்ளிவாசலில் கொடுக்கும் கால அட்டை ஒன்றைக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருப்போம்.

அந்த வருடம் நோன்பு தொடங்கி மூன்று நாள் எனக்குக் காலை ஷிஃப்ட். மணி அடித்தது வேறொருவர். நாலாவது நாள் ஞாயிற்றுக்கிழமை, நான் சாயங்காலத்துக்கு வந்தேன். அன்று காலையில்தான் சென்னையிலிருந்து ஒரு பார்சல் வந்திருந்தது. ஒவ்வொரு மேசையிலும் வைக்க, பளபளவென்று மடக்கு அட்டைகள். பிறை, விளக்கு, எங்கள் கடைப் பேர், முப்பது நாளுக்கும் நோன்பு திறக்கும் நேரம். முதலாளி ஆள் வைத்து அடித்தது. சுவரில் இருந்த பழைய அட்டை அழுக்காக இருக்கிறது, எடுத்துவிடு என்று போனில் சொன்னார். எடுத்துவிட்டேன்.

மாஸ்டர் அதைக் கவனித்துவிட்டார். "மேனேஜரே, பள்ளிவாசல் அட்டை எங்க?"

"அதான் மேசைக்கு மேசை புதுசு வச்சிருக்கே, பாக்கலயா?"

"அது இருக்கட்டும்ங்க. பழசையும் மாட்டி வைங்களேன்."

"முதலாளி சொன்னதுங்க. அவருக்குத் தெரியாததா?" என்றேன். அவர் கரண்டியை நீட்டினார். உப்பு சரியாக இருந்தது.

அன்று ஹால் நிறைந்துவிட்டது. ஜன்னலோரம் ஏழாவது மேசையில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, ஒன்பது வயதுப் பெண் பிள்ளை. அப்பா ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். அந்தப் பிள்ளைக்கு அன்று முதல் நோன்பு. முதல் நோன்பு வைக்கும் பிள்ளைக்குப் புதுத் துணி எடுத்து, பிடித்ததைச் செய்துகொடுத்துக் கொண்டாடுவது அவர்கள் வழக்கம். இவள் கேட்டது புகையும் தட்டில் வரும் ஸ்டேக்.

தண்ணீர் வைக்கப் போனபோது என்னிடமே கேட்டாள். "அங்கிள், தட்டு சத்தம் போடுமா?"

"போடும்மா. பக்கத்து மேசைக்காரங்க எல்லாம் திரும்பிப் பாப்பாங்க."

"காலைலருந்து எச்சிகூட முழுங்கலங்க இவ," என்று சிரித்தார் அவள் அப்பா.

"துப்பிட்டே இருந்தா. அது முழுங்கலாம்னு சொன்னாலும் கேக்கல," என்றார் அம்மா.

அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது. மடக்கு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, என் கைக்கடிகாரத்தையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அட்டையில் ஆறு இருபத்திரண்டு. நான் ஆறு இருபத்திரண்டுக்கு மூன்று தரம் மணி அடித்தேன்.

நடுவில் ஒரு மேசையில் இருந்தவர் தன் போனைப் பார்த்துப் புருவம் சுருக்கியதைக் கவனித்தேன். மணிதான் அடித்தாயிற்றே என்று அவரும் பழத்தை எடுத்துவிட்டார். எனக்கும் அது உறைக்கவில்லை.

நோன்பு திறந்ததும் வாசலில் நிற்கும் வாட்ச்மேனுக்கு ஒரு தட்டில் பழமும் கஞ்சியும் கொண்டுபோவது என் பழக்கம். ஜவளகிரிப் பக்கத்து ஆள், நோன்பு இல்லை, ஆனால் கஞ்சி பிரியர். வீட்டில் பேசும் கன்னடம் அவர் தமிழில் அவ்வப்போது எட்டிப்பார்க்கும். கதவைத் திறந்ததும் கண் கூசியது. எதிரே தொழிற்சாலைக் கூரைக்கு மேல் சூரியன் முழுசாக நின்றுகொண்டிருந்தது.

"என்னா சார், இன்னைக்கி இவ்ளோ பேகா?" என்றார், ஏன் இவ்வளவு சீக்கிரம் என்பதைத்தான் அப்படிக் கேட்டார். "பொழுது இன்னும் எறங்கலயே?"

தட்டு என் கையிலேயே இருந்தது. அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள், சந்தேகம் இல்லை, யோசிக்க ஒன்றும் இல்லை, தெரிந்துவிட்டது. தட்டை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன்.

வந்தவன் என்ன செய்தேன்? போனை எடுத்து முதலாளிக்கு அடித்தேன்.

அவர் மென்றுகொண்டே பேசினார். "என்னப்பா, நோன்பு தொறக்கற நேரத்துல?"

"பாய், இங்க இன்னும் சூரியன் தெரியுதுங்க. நான் மணி அடிச்சிட்டேன்."

"டைம் ஆயிடுச்சேப்பா. இங்க பாங்கு சொல்லிட்டாங்களே."

அப்போதுதான் காரணமும் விளங்கியது. அட்டையில் இருந்தது சென்னை நேரம். கிழக்கே இருக்கும் அவருக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. மேற்கே இருக்கும் எங்களுக்கு அது பத்து நிமிடம் கழித்துத்தான். அவருக்கும் அது விளங்கியிருக்கவேண்டும், மெல்லும் சத்தம் நின்றது.

"யாராவது கேட்டாங்களா?"

"இல்லீங்க."

"அப்ப நீயா எதுவும் சொல்லாத. இரு, பள்ளிவாசல் ஹஸ்ரத்துகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன். லைன்லயே இரு."

லைனிலேயே இருந்தேன். கதவுக்கு உள்பக்கம், போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். ஹாலில் பாதிப் பேர் பழத்தை முடித்துக் கஞ்சியில் கரண்டி வைத்துவிட்டார்கள். ஏழாவது மேசையில் அந்தப் பிள்ளை இன்னும் சாப்பிடவில்லை. பழத்தை வாய்க்கு அருகில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா வீடியோ எடுக்கப் போனைத் தூக்கியிருந்தார், போனில் இடம் இல்லை. பழைய படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். "இரும்மா, இரும்மா, இதோ," என்று அவர் சொல்வது உதட்டசைவில் தெரிந்தது. அவள் சிரித்த முகத்தை மாற்றாமல் அப்படியே இருந்தாள். ஒரு நிமிடம் இருக்கும், ஒன்றரை நிமிடம்கூட இருக்கும். என் காதில் முதலாளி யாரிடமோ இன்னொரு போனில் பேசும் சத்தம் தூரத்தில் கேட்டது.

நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போய்ச் சொல்லவேண்டும் என்று தோன்றிக்கொண்டேதான் இருந்தது. கால் நகரவில்லை. மேலே கேட்டிருக்கிறோம், பதில் வரட்டும் என்று கேன்டீன் புத்தி சொன்னது. அவள் அப்பா தலையை ஆட்டினார். அவள் பழத்தை வாயில் போட்டுக்கொண்டாள். அந்த நேரம் அவள் கண் நேராக என்மேல் இருந்தது.

போனைக் கீழே இறக்கினேன். அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க. நான் தப்பான நேரத்துக்கு மணி அடிச்சிட்டேன். பொழுது இன்னும் மறையல. நோன்பு தொறக்க இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. தப்பு என்னோடதுங்க."

கரண்டிகள் நின்றன. ஒருவர் வாயிலிருந்ததைக் கைக்குட்டையில் துப்பினார். "ஹலால்னு போர்டு மட்டும் வச்சா போதுமாய்யா?" என்று ஒருவர் எழுந்துவிட்டார். "நோன்பு புடிக்கிறவன் கையில மணியக் குடுத்திருக்கணும்," என்றார் இன்னொருவர். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

சத்தம் கேட்டு மாஸ்டர் வெளியே வந்தார். மீசையில் தண்ணீர் இருந்தது. என்னைப் பார்க்காமல் ஹாலைப் பார்த்துப் பேசினார்.

"தெரியாம நடந்துபோச்சுங்க. வாய் கொப்பளிச்சுக்குங்க, பாங்கு நேரம் வரைக்கும் எதுவும் சாப்பிட வேணாம். பெருநாள் கழிச்சு இதுக்குப் பதிலா ஒரு நோன்பு களா வச்சிக்கலாம். நானும்தான் உள்ள தண்ணி குடிச்சிட்டேன்."

கடைசியாகச் சொன்னதுதான் ஹாலை அடக்கியது. எழுந்தவர் உட்கார்ந்தார். மாஸ்டர் உள்ளே போய், கிரில்லில் பாதி வெந்திருந்த அத்தனை ஸ்டேக்கையும் எடுத்து ஒதுக்கினார். நான் பின்னாலேயே போய் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"கறி போனா வேற போட்டுக்கலாம்," என்றார். "எங்கிட்ட என்னா பேச்சு? ஹால்ல போய் நில்லுங்க."

சரியான நேரம் வந்ததும் மணி அடிக்க எனக்குக் கை வரவில்லை. சமையலறை ஜன்னலிலிருந்து "அடிங்க மேனேஜரே," என்று அவர்தான் குரல் கொடுத்தார். அடித்தேன். எல்லாரும் மறுபடி பழத்தை எடுத்தார்கள். ஏழாவது மேசைப் பிள்ளை எடுக்கவில்லை.

"அத்தா, என் நோன்பு போச்சா?" என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"சின்னப் புள்ள தெரியாம செஞ்சத அல்லா ஏத்துக்குவான்மா," என்றார் அவள் அம்மா.

"அப்ப அது முழு நோன்பு இல்லதானே?"

அப்பா தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். தட்டு புகைந்துகொண்டு, சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை.

கிளம்பும்போது, அப்பா செருப்பு தேடிக்கொண்டிருந்த நேரம், அவள் என்னிடம் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அங்கிள், கதவுகிட்ட போன் பேசிட்டு என்னத்தானே பாத்தீங்க? அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"இல்லம்மா. அதுக்கப்புறம்தான் சொன்னாங்க," என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனாள். அவள் நம்பினாள். இத்தனை வருடத்தில் வாடிக்கையாளரிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் வந்துவிடும், இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கினோம், இந்த மேசைதான் சார் நல்ல காற்று வரும். எதுவும் என் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. இந்த ஒன்று கெடுத்தது.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பள்ளிவாசலில் போய்ப் புது அட்டை வாங்கிவந்து ஒட்டினேன். பளபளப்பு அட்டைகளை மூட்டை கட்டினேன். முதலாளி திட்டவில்லை. அவரும் வருத்தத்தில்தான் இருந்தார். சாயங்காலம் ஐந்து மணி ஆனது. இன்று மாஸ்டர் என்னைக் கூப்பிடமாட்டார் என்று நினைத்துக்கொண்டு கல்லாவிலேயே இருந்தேன்.

"மேனேஜரே, உப்பு பாருங்க."

அதே கரண்டி, அதே குரல். வாங்கி வாயில் வைத்தேன். உப்பு இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது கரண்டி கேட்டு வாங்கி, நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

உங்களுக்கு இதில் சொல்ல இருப்பது பெரிதாக ஒன்றுமில்லை. தப்பான அட்டையை நம்பியது தப்புதான், அது யாருக்கும் நடக்கும். அதற்கு என்னை நானே மன்னித்துவிட்டேன். தெரிந்த பிறகு மேலே கேட்டுக்கொண்டு நின்றேனே, அது வேறு. ஒருவர் வாய்க்குப் போகும் பொருளைக் கையாளும் வேலை நம்முடையது. வாய்க்குள் போய்விட்டதற்கு அப்புறம் யாரிடம் அனுமதி வாங்கினாலும் பிரயோசனம் இல்லை. முதலில் மேசைக்குப் போங்கள், முதலாளிக்கு அப்புறம் போன் செய்யலாம். வேலை போனால் போகட்டும் என்று சொல்ல எனக்குச் சுலபம், நான் ஓய்வு பெற்றவன். ஆனால் போகாது. எனக்கே போகவில்லை.

பெருநாள் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். வேலை நாள், சாயங்காலம், ஹாலில் ஒருவரும் இல்லை. கதவைத் திறந்துகொண்டு அந்த மூவரும் வந்தார்கள். நேராக ஏழாவது மேசைக்குப் போய் உட்கார்ந்தார்கள்.

"இன்னைக்கி மூணு பேருமே நோன்புங்க," என்றார் அப்பா. "நாங்க அன்னைக்கி விட்டதுக்கு களா. இவளுக்குக் கட்டாயம் இல்ல. கேக்க மாட்டேங்கறா."

"அப்புறம் ரெண்டு நோன்பு வச்சா," என்றார் அம்மா. "ஆனா மொதல் நோன்பு பாக்கி இருக்காம். அதையும் இதே மேசைலதான் தொறப்பாளாம்."

அவள் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, அன்றைய நேரத்தைக் கையால் எழுதிய துண்டுத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். பள்ளிவாசலில் கேட்டு எழுதி வந்திருக்கிறாள். இன்னும் ஏழெட்டு நிமிடம் இருந்தது. பழமும் தண்ணீரும் வைத்துவிட்டு நான் போயிருக்கலாம். போகமுடியவில்லை.

"பாப்பா, அன்னைக்கி நீ ஒண்ணு கேட்ட. நான் பொய் சொல்லிட்டேன். நீ வாயில போடறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

அவள் அப்பா நிமிர்ந்து பார்த்தார். அம்மாவின் கை தண்ணீர் டம்ளரிலேயே நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தாள். அங்கிருந்து தன் மேசை வரைக்கும், விரல் நீட்டாமல், கண்ணாலேயே எண்ணிக்கொண்டு வந்தாள்.

"நடுவுல ஆறு மேசைதானே அங்கிள்," என்றாள். "ஓடி வந்திருக்கலாம்ல?"

முதலாளி, ஹஸ்ரத், கேன்டீன் என்று சொல்வதற்கு எத்தனையோ வைத்திருந்தேன். அந்தக் காய்ந்த உதட்டைப் பார்த்து அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"வந்திருக்கலாம்மா," என்றேன்.

அவள் மறுபடி ஒருமுறை கதவைப் பார்த்தாள். பிறகு துண்டுத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தை அதன்மேல் கழற்றி வைத்தாள்.

"மணி நீங்களே அடிங்க. ஆனா நான் சொன்னதுக்கப்புறம்."

போய் மணிப் பக்கத்தில் நின்றேன். சமையலறை ஜன்னலில் மாஸ்டர், கையில் தண்ணீர் டம்ளரோடு. அவருக்கும் அன்று களா நோன்பு என்று அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஏழாவது மேசையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். முழங்கால் வலித்தது. அசையவில்லை.

"இப்ப," என்றாள்.

அடித்தேன்.